பால் கறைச் சட்டையில் தைத்த போர்வை

வீட்டார் உடுத்திய பழந்துணிகளைச் சதுரமாக வெட்டி இணைத்து நினைவுப் போர்வை தைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் பீரோவைத் திறந்து பட்டுச்சேலையைத்தான் எடுக்கிறார்கள். கல்யாணச் சேலை, விலை கூடிய சேலை, நாலைந்து விசேஷத்துக்கு மட்டும் உடுத்திய சேலை. என்னைக் கேட்டால் அதை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிடச் சொல்வேன். போர்வைக்கு வேண்டியது உடுத்தி உடுத்தி நைந்துபோன துணி. கொடியில் எப்போதும் கிடந்தது, அடுக்களைக் கதவில் தொங்கியது, வேலைக்குப் போட்டுக்கொண்டு போனது. ஒருவரை நாம் தினமும் எந்தத் துணியில் பார்த்தோமோ, அந்தத் துணியில்தான் அவர் இருக்கிறார். பட்டுச்சேலையில் இருப்பது கல்யாண வீடு மட்டும்தான்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டியவர். அம்மா வீட்டிலிருந்தபடியே எம்பிராய்டரி தைத்துக்கொடுத்தவர். இருவரும் இப்போது இல்லை. பழைய ஓட்டு வீட்டைப் பழுது பார்ப்பதற்காகச் சாமான்களை ஒதுக்கியபோது, அவர்களுடைய துணிகள் இருந்த இரும்புப் பெட்டிகளை என்ன செய்வதென்ற கேள்வி வந்தது. தூரப் போட மனமில்லை. அப்படியே வைத்தாலும் இந்த ஊர் மழையில் நிலைக்காது. ஜூனில் தொடங்கும் மழை ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். பெட்டிக்குள் வெள்ளைத் துணியெல்லாம் கறுப்புப் புள்ளியாகக் கரிம்பன் அடித்திருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் போயிருந்தால் எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்படித்தான் போர்வை என்ற யோசனைக்கு வந்தோம்.

அப்பாவின் வேலைச் சட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்திலிருந்து வெள்ளையாக வடியும் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் முதலில் மஞ்சளிக்கும், பிறகு பழுப்பேறும், கடைசியில் கறுத்துப்போகும். எந்தச் சோப்புக்கும் அசையாது. விடிவதற்கு முந்தைய குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் அப்பா இருட்டிலேயே நெற்றி விளக்கோடு கிளம்பிவிடுவார். வெட்டிய கத்தியை வலது இடுப்போரம் துடைப்பது அவர் வழக்கம். அதனால் அவருடைய எல்லாச் சட்டையிலும் அந்த ஒரே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை அடுக்கடுக்காகத் தடித்திருக்கும். மற்ற இடமெல்லாம் துணி நைந்து கண்ணாடியாகிவிட்டது. அந்தக் கறை இருக்கும் இடம் மட்டும் தோல்போலக் கெட்டியாக நிற்கிறது. பாக்கெட்டின் அடித்தையலில் ஒட்டுப்பால், அதாவது மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால், துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. அம்மா உயிரோடு இருந்தவரை இந்தச் சட்டைகளை வேறு துணியோடு சேர்த்துத் துவைக்கவே விடமாட்டார். போர்வையில் முதலில் இடம் ஒதுக்கியது இந்தக் கறைக்குத்தான்.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எல்லாத் துணியையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது, யாருக்கு எது தனியாக வேண்டும் என்று கேளுங்கள். பதில் வர நாளாகும், பொறுத்திருங்கள். அம்மாவின் நீல நைலக்ஸ் சேலை என் கல்லூரிச் சேர்க்கைக்கு உடுத்தியது என்றேன் நான். இல்லை, தம்பியின் ஞானஸ்நானத்துக்கு என்றார் அக்கா. பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்ததில் இரண்டுக்குமே அதைத்தான் உடுத்தியிருக்கிறார். குவைத்திலிருந்து தம்பி, ‘அப்பாக்க சட்டைப் பாக்கெட் ஒண்ணு எனக்குத் தனியா வேணும்’ என்றான். வெட்டுவதற்கு முன்பே கேட்டது எவ்வளவு நல்லது! இல்லாவிட்டால் அதையும் சதுரத்துக்குள் தைத்திருப்போம். பேசிப் பேசி வந்த கதைகளை அக்கா ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அந்தந்தத் துணியின் ஒரு துணுக்கை ஊசியால் குத்தி வைத்தார்.

எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, கேட்டதுமே முகம் மாறிவிட்டார். ‘மரிச்சவியளுக்க துணிய வெட்டித் தச்சு மூடிப் படுக்கவா பிள்ளே?’ என்றார். பல வீடுகளில் இறந்தவர் துணியைக் கொடுத்துவிடுவார்கள் அல்லது எரித்துவிடுவார்கள். அத்தை அப்படி வளர்ந்தவர். அவருக்கு அது வெறும் நம்பிக்கை இல்லை, தன் தம்பிமேல் வைத்த மரியாதை. நாங்கள் வாதாடவில்லை. போர்த்திப் படுக்கமாட்டோம், முன்னறைச் சுவரில் தொங்கவிடுவோம், கடைசி வரை இருந்த ஆஸ்பத்திரித் துணி எதுவும் இதில் வராது என்று சொன்னோம். ‘சரி, எனக்கும் காட்டிட்டுத் தை’ என்றார். இந்தப் பேச்சை நடுவில் வைத்துக்கொள்ளாமல் தொடக்கத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

எதை வெட்டக்கூடாது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. இன்னும் பயன்படும் எதையும் வெட்டாதீர்கள். அம்மா தைத்த ஞானஸ்நான உடுப்பை நாங்கள் மூவரும் போட்டோம், எங்கள் பிள்ளைகளும் போட்டார்கள். அது அப்படியே இருக்கிறது. சேலையிலிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்றால், முந்தானையையும் கொசுவம் வரும் பகுதியையும் தொடாமல், இடுப்பில் முதலில் செருகும் உள்பக்க நுனியிலிருந்து அரை மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரம் தைத்துவிட்டால் சேலையைத் தொடர்ந்து உடுத்தலாம்.

இன்னொன்றையும் வெட்டவில்லை. அம்மாவின் பாட்டி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்திலும் கையிலும் கையால் பின்னிய லேஸ் வைத்தது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கிய வேலை அது. லேஸ் விற்ற காசில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். அதே காலத்தில்தான், 1822-ல் தொடங்கி 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிடும்வரை, மார்பை மறைத்துத் துணி போடும் உரிமைக்காக இங்குள்ள பெண்கள் அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, போராடினார்கள். அப்படிப் பெற்ற சட்டையின் வழியில் வந்த ஒரு சட்டையை நான் எப்படிக் கத்தரிப்பேன்? லேஸின்மேல் பட்டர் பேப்பரை வைத்து அதன் வடிவத்தைப் பென்சிலால் எடுத்து, வெள்ளைத் துணியில் படியெடுத்து, அம்மா மிச்சம் வைத்திருந்த நூலால் தைத்து ஒரு சதுரமாகச் சேர்த்தேன். தாத்தா எழுதிய கடிதம், பாட்டியின் கையெழுத்து, சமையல் குறிப்பு என்று எதையும் இப்படிச் செய்யலாம். அசல் காகிதத்தையோ போட்டோவையோ துணியில் ஒட்ட வேண்டாம். துவைத்தால் போச்சு.

இனி வேலைக்கு வருகிறேன். துவைக்கத் தை, மாசி மாதங்கள்தான் எங்கள் ஊரில் தோது. மழையும் இருக்காது, வெயிலும் கொல்லாது. பழந்துணியை முறுக்கிப் பிழியவே கூடாது. அகலமான பாத்திரத்தில் லேசான சோப்புத் தண்ணீரில் அமுக்கி எடுத்து, துண்டில் சுருட்டி ஈரத்தை வாங்கி, நிழலில் விரித்துப் போடுங்கள். கரிம்பன் போக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடர் போட்டால் புள்ளி போகிறதோ இல்லையோ துணி போய்விடும். கறை இருக்கட்டும். பாச்சை உருண்டை வாசனை துவைத்தும் போகாது, நாலைந்து நாள் காற்றாட விட்டால்தான் போகும்.

சாயம் போகுமா என்று ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகப் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து, துணியின் ஓரத்தில் வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் தெரிந்துவிடும். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் காலை வாரும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், அதை நம்பி வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பலமுறை அலசியும் சாயம் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தத் துணியை விட்டுவிடுவதே நல்லது, அல்லது தண்ணீரே படாத சுவர்த் தொங்கலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் உடுத்திய துணியைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு ஒரு விலை உண்டு: அது தனியாகத் தையலைத் தாங்காது. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். நைந்த பருத்தித் துணிக்கு அடியில் மெல்லிய பருத்தி லைனிங் துணியை வைத்து, இரண்டையும் கையால் பெரிய பெரிய தையலாக நூலோட்டி ஒன்றாக்கிக்கொண்டு, அதன் பிறகே சதுரம் வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டு லைனிங் வைத்தால் ஓரம் இழுபட்டு அளவு கோணிவிடும். லைனிங் துணியை முந்தின நாளே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். புதுத்துணி பின்னால் சுருங்கினால் பழந்துணியைக் கிழித்துக்கொண்டுதான் சுருங்கும்.

பனியன், டி-ஷர்ட் மாதிரி இழுபடும் துணிக்கு மட்டும் இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ் வேண்டும். மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள், காலருக்கு வைக்கும் கெட்டி கேன்வாஸ் ஆகாது. நைலக்ஸுக்கு அதுவும் ஆகாது, இஸ்திரிச் சூட்டில் உருகிவிடும். பழைய பட்டு எடுத்தே ஆகவேண்டும் என்றால், நெடுநாள் மடித்த மடிப்புக் கோட்டைத் தவிர்த்து வெட்டுங்கள். பட்டு முதலில் விடுவது அந்தக் கோட்டில்தான். ரப்பர் கறைக்கு என்னவென்றால், சூடு பட்டதும் அது இளகிப் பிசுபிசுக்கும். பட்டர் பேப்பரை மேலே போட்டு, பின்பக்கமாக, இளஞ்சூட்டில் தேய்க்க வேண்டும். கறையின்மேல் மெஷின் ஊசி ஓட்டவே வேண்டாம். கறை சதுரத்தின் நடுவில் வருகிற மாதிரி வெட்டிக்கொண்டால் தையல் அதன்மேல் போகாது.

அளவைப் பெரிதாக்கிக்கொண்டு திண்டாட வேண்டாம். தைத்து முடித்தபின் பத்து அங்குலம் வரும் சதுரம், குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு, மொத்தம் 30. சுற்றிலும் இரண்டு அங்குலப் பட்டி வைத்தால் 54-க்கு 64 அங்குலம். ஒரு ஆள் கையாளக்கூடிய அளவு அது. புதுத்துணிக்குக் கால் அங்குலத் தையல் இடம் போதும், நைந்த துணிக்கு அரை அங்குலம் விடுங்கள். அதனால் 11 அங்குலச் சதுரமாக அட்டை வெட்டி, அந்த ஒரே அட்டையை வைத்து எல்லாவற்றையும் வரையுங்கள். சட்டையின் முதுகில் இரண்டு சதுரம் தேறும். பட்டன் பட்டி, பாக்கெட், காஜா இவற்றை அப்படியே சேர்த்து வெட்டுங்கள். பட்டனைப் போட்டுவிட்டு அந்தப் பட்டியை மூடித் தைத்தால் சட்டை சட்டையாகவே தெரியும்.

நடுவில் எதை வைப்பது என்று நாங்கள் யோசிக்கவே தேவைப்படவில்லை. அம்மா பாதியில் விட்ட மேஜை விரிப்பு ஒன்று இருந்தது. அந்த வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும்: டிசைன் வரைந்த பட்டர் பேப்பரில் கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, துணிமேல் வைத்து, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்ப்பார்கள். துணியில் நீலப் புள்ளியாக டிசைன் இறங்கும். அதன்மேல்தான் தைப்பது. அந்த விரிப்பில் ஒரு பூங்கொத்தின் மூன்று இதழ் தைத்திருக்கிறது, நாலாவது இதழில் தையல் நின்றுவிட்டது. மீதியெல்லாம் நீலப் புள்ளி. துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்கும், எங்கேயும் ஒரு முடிச்சு கண்ணில் படாது. மீதியைத் தைத்து முடித்துவிடலாமே என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கும் அக்காவுக்கும் தையல் தெரியும், முடித்திருக்கலாம். ஆனால் அது அவருடைய கை நின்ற இடம். அப்படியே வைத்துவிட்டோம். தண்ணீர் பட்டால் புள்ளி அழியும் என்பதால் அந்தத் துணியை மட்டும் நனைக்கவில்லை. போர்வை சுவரில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளே பஞ்சு வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நம் வெக்கைக்குத் தேவையே இல்லை. இலவம்பஞ்சு ஓரத்தில் உருண்டு சேர்ந்துவிடும், பாலியஸ்டர் பஞ்சு புழுங்கும். பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து நடு அடுக்காக வைத்தால் போதும். குழந்தைக்குக் கீழே விரிக்கப் பழைய சேலையை அடுக்கித் தைப்பது நம் பாட்டிமார் செய்ததுதானே. வங்காளத்துக் காந்தாப் போர்வையும் பழைய சேலைகளை அடுக்கி ஓடுதையல் போட்டதுதான், பஞ்சு கிடையாது. பின்பக்கத்துக்குப் புது எட்டு முழ வேட்டி ஒன்றைக் கஞ்சி போகத் துவைத்து, குறுக்கே வெட்டி, இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்து இணைத்தோம். மேலே சொன்ன அளவுக்கு, நாலு பக்கமும் மூன்று அங்குலம் விட்டு, அது தாராளம்.

மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது மேஜையை நம்பாமல் தரையில் வேலை செய்யுங்கள். வேட்டியை இழுத்து ஓரங்களை டேப்பால் ஒட்டி, மேலே சேலை, அதற்கு மேலே தைத்த சதுரங்கள். நடுவிலிருந்து வெளியே நீவிக்கொண்டே போய் உள்ளங்கை இடைவெளிக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் சேர்ந்து நிற்கும். சதுரங்களை ஒன்றோடொன்று சேர்ப்பதை மெஷினில் செய்யலாம். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, அடுக்கு சேர்ந்த ஓரத்துக்கு 16. அடுக்குகளைப் பிணைக்கும் தையலைக் கையால் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். பருத்தி நூலில் ஓடுதையல், கொஞ்சம் தளர்வாக. பழந்துணியில் கெட்டியான பாலியஸ்டர் நூல் இழுபட்டால் அறுவது நூலாக இருக்காது, துணியாக இருக்கும். கைக்கு ஆள் இல்லை என்றால் ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் நடுவிலும் எம்பிராய்டரி நூலால் கோர்த்து முடிச்சுப் போட்டுவிடலாம், அதுவும் நிற்கும். எங்கள் வீட்டில் சாயங்காலம் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சித்தி நடுவில் என்று உட்கார்ந்து தைத்தோம். அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத பலதும் அந்தச் சாயங்காலங்களில்தான் தெரிய வந்தன. வேலையை ஆளுக்கொரு வீட்டில் பிரித்துக்கொடுக்காமல், முடிந்தால் ஒன்றாக உட்கார்ந்து செய்யுங்கள்.

போர்வையின் பின்பக்க மூலையில் பெயர் எழுதிய துணி கட்டாயம் இருக்க வேண்டும். யார் துணி, எந்த ஊர், யார் தைத்தது, எந்த வருஷம். பேனாவால் எழுதினால் மங்கும், நூலால் எழுதுங்கள். தாத்தாவின் வேட்டி ஒன்று கிழிந்து கந்தலாகிவிட்டது. ஆனால் அதன் மூலையில் சலவைக்காரர் சேராங்கொட்டைச் சாறால் போட்ட குறி, இரண்டு கோடும் ஒரு புள்ளியும், நேற்றுப் போட்டதுபோல் கறுப்பாக இருந்தது. எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிய அந்தக் காலத்தில் போடுவது. எத்தனை வெளுப்புக்கும் அது போவதில்லை. அந்த மூலையை வெட்டிப் பெயர்த்துணியின் தலைப்பில் தைத்தோம். எங்கள் குடும்பத்துக்கு அதைவிடப் பழைய கையெழுத்து எதுவும் கிடையாது.

சுவரில் தொங்கவிடுகிறவர்கள் ஆணியில் நேராக மாட்டாதீர்கள். பின்பக்கம் மேலோரம் முழுக்கத் துணிக்குழாய் தைத்து, உள்ளே மரக்கம்பைச் செருகினால் பாரம் ஒரே இடத்தில் விழாது. நேர் வெயில் படும் சுவரும், மழையில் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். மழைக்காலத்தில் இறக்கி வைப்பதென்றால் பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். காய்ந்த வேப்பிலை, வசம்பு இரண்டையும் சிறு துணியில் முடிந்து பக்கத்தில் போட்டால் இராமபாணப் பூச்சி அண்டாது. ஜரிகை இருந்தால் பாச்சை உருண்டை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறுத்துவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு மடிப்பில் மடிக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் லைனிங், வேட்டி, நூல், ஊசி அவ்வளவுதான். மிச்சத் துணுக்குகளை எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், ஏதாவது சதுரம் விட்டுப்போனால் அதே துணியால் ஒட்டுப்போட உதவும். தம்பிக்கு அப்பாவின் பாக்கெட்டை நடுவில் வைத்துத் தலையணை உறை தைத்து அனுப்பினோம். அந்த ஒட்டுப்பால் துணுக்கையும் எடுக்காமல் விட்டோம்.

அத்தை வந்து பார்த்தார். கறைச் சட்டை இருந்த சதுரத்தைக் கையால் தடவிக்கொண்டே நெடுநேரம் தன் தம்பியின் கதையைச் சொன்னார். போன மாதம் மாமாவின் துவர்த்துகளை, அதாவது துண்டுகளை, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, ‘இதுவள வச்சும் செய்ய முடியுமா மக்களே?’ என்று கேட்டார். துவர்த்துக்கு நெசவு தளர்வாக இருக்கும், வெட்டினால் ஓரம் இழை இழையாகப் பிரியும். அதனால் சதுரமாக வெட்டாமல், கரைகளை அப்படியே விட்டு, நீளவாக்கில் பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பதாக இருக்கிறோம். லைனிங் துணியை நேற்றே நனைத்துக் காயப்போட்டாகிவிட்டது.